இடது பின்பக்க ஸ்பீக்கர்

என் கணவர் ஸ்ரீநாத் அந்தப் பெட்டிகளை ஆட்டோவிலிருந்து இறக்கியபோது எனக்கு வந்த கோபத்தில், அதே ஆட்டோவில் அவரையும் ஏற்றித் திருப்பி அனுப்பியிருப்பேன். முன்னால் வைக்க மூன்று, பின்னால் வைக்க இரண்டு, தரையில் வைக்க ஆட்டுக்கல் கனத்தில் ஒன்று. டவுன்ஹால் ரோட்டில் ஆர்டர் கொடுத்து, மரப்பெட்டி செய்யச் சொல்லி, ஆம்ப்ளிஃபயரும் சேர்த்து வாங்கி வந்திருக்கிறார். ஹோம் தியேட்டராம்.

"வீட்டுல இருக்கது ரெண்டே பேரு. பொண்ணையும் கட்டிக்குடுத்தாச்சு. யாரு காதுல கொண்டுபோயி வைக்கிறதுக்கு இம்புட்டு ஸ்பீக்கரு?" என்று கேட்டேன்.

"மாட்டுனப்புறம் பாரு சீதா" என்றார். அவ்வளவுதான் பதில். பேங்க்கில் கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு அடுத்த கவுண்டரைக் காட்டும் பழக்கம் அவருக்கு வீட்டிலும் வந்துவிட்டது.

என் கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை, எங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க ஆள் வரப்போகிறது. அந்தப் பக்கத்து வீடு என்றால் யாரோ அயலார் வீடு இல்லை. என் கணவரின் அண்ணன் ஜனகராஜின் வீடு. பந்தடித் தெருவில் ஒரே வீடாக இருந்ததுதான். பிறகு நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிவிட்டார்கள். அவர் மகன் விஜய்ஆனந்த் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான், அப்பா அம்மாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறான். யாரோ ஒரு பாத்திர வியாபாரி அந்தப் பாதியை வாங்கிக் குடோனாக்கப் போகிறாராம். ஆடி முடியட்டும் என்று காத்திருந்து, ஆவணி பிறந்ததும் நாள் குறித்துவிட்டார்கள். இதெல்லாம் பூக்காரி முத்துத்தாய் எனக்குச் சொன்னது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எங்களோடு பேசி வருஷக்கணக்காகிறது.

வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கைமாறிவிட்டால் எல்லாம் முடிந்தது. என் ஓரகத்தி ஹம்சவேணி அக்காவை இனி நான் பார்க்கவே போவதில்லை. பித்தளை அண்டாவும் எவர்சில்வர் குடமும் அடுக்கிய குடோனோடு நான் என்ன உறவு கொண்டாடுவது? அந்த நேரத்தில் இந்த மனுஷன் ஸ்பீக்கர் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். எரிச்சல் வருமா வராதா?

நான் கல்யாணமாகி வந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் கூடம் முழுசாக இருந்தது. தெருவாசலில் நின்று பார்த்தால் கடைசிச் சுவர் இருட்டாகத் தெரியும், அவ்வளவு பெரிசு. எங்கள் மூத்தார் ஜனகராஜுக்குச் சாயப்பட்டறை. சுங்குடிச் சேலைக்குச் சாயம் போட்டுப் போட்டு அவர் விரல்கள் எப்போதும் ஒரு நிறத்தில் இருக்கும். திங்கள்கிழமை நீலம் என்றால் புதன்கிழமை அரக்கு. பட்டறையை விட்டால் அவருக்குப் பாட்டுதான் உயிர். அந்தக் காலத்தில் மதுரையில் பல வீடுகளில் மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்துப் பாட்டுக் கேட்பார்கள். பானைக்குள் போய் வரும் சத்தம் நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும். எல்லோரும் ஒரு பானை வைப்பார்கள். எங்கள் மூத்தார் கூடத்தின் நாலு மூலைக்கும் நாலு பானை வைத்தார்.

"பாட்டுக்கு முன்னால ஒக்காரக் கூடாது. பாட்டுக்கு நடுவுல ஒக்காரணும்" என்பார். எல்லோரையும் கூடத்து நடுவில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்வார். நானும் ஹம்சவேணி அக்காவும் மடியில் முள்முருங்கைக் கீரையைப் போட்டு ஆய்ந்துகொண்டே கண்ணை மூடுவோம். அந்தக் கீரையில் முள் இருந்தாலும் இருக்கட்டும் என்று மூடுவோம். மாமியார் மட்டும், "குடிதண்ணி ஊத்தி வைக்க ஒரு பான இல்ல, பாட்டுக்கு நாலு பானயா" என்று புலம்பிக்கொண்டே போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு டெக் எடுத்துப் படம் போடுவார்கள். டிவி சத்தத்தையும் அந்தப் பானைகளுக்குத் திருப்பிவிடுவார் மூத்தார். படத்தில் மழை பெய்தால் எங்கள் கூடத்தின் நாலு மூலையிலும் மழை பெய்யும். என் கணவர் அண்ணனுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஒயர் பிடித்துக் கொடுப்பதற்காக. அண்ணன் கழுதை பறக்கும் என்றால் தம்பி அண்ணாந்து பார்ப்பார். அப்படி ஒரு ஒட்டுதல். அந்தக் கூடத்தில் நான் இருந்ததுபோல என் வாழ்நாளில் வேறெங்கும் சந்தோஷமாக இருந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். அதை அப்படியே எழுதினால் உங்களுக்குப் புரியாது என்பதால் எல்லாவற்றையும் தமிழில் சொல்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கோபம் தலைக்கேறினால் எங்கள் பாஷையை விட்டுவிட்டுத் தமிழுக்குப் போய்விடுவார்கள். அயலாரோடு பேசுகிற மாதிரி பேசுவார்கள். வீட்டை இரண்டாக்கிய அந்தச் சண்டை தமிழில்தான் நடந்தது.

எங்கள் மகள் ரம்யாஸ்ரீக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மூத்தார் புதுசாக வாங்கிய ஆம்ப்ளிஃபயரைச் சோதித்துக்கொண்டிருந்தார். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் கணவர் பேங்க்கிலிருந்து அப்போதுதான் வந்தார். அன்றைக்கு அங்கே என்ன நடந்ததோ தெரியாது, வந்த வேகத்தில் ஒயரைப் பிடுங்கி எறிந்து, பக்கத்திலிருந்த பானையை ஓங்கி ஓர் உதை விட்டார். பானை தூள்தூளாகிவிட்டது. அண்ணன் தரையில் உட்கார்ந்தார். ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு எழுந்து நின்று, "இனிமே ஒன் வீடு வேற, என் வீடு வேற" என்று தமிழில் சொன்னார். மறுநாள் கொத்தனார் வந்துவிட்டார். நாங்கள் எங்கள் பக்கத்தில் வீம்பாக உள்ளறையில் உட்கார்ந்திருந்தோம். சுவர் எழும்புவதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

என் கணவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம், தீபாவளிக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டதே பெரிய பூட்டாகிவிட்டது. ரம்யாஸ்ரீ கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். போஸ்ட்மேன் எங்கள் வாசலைத் தாண்டிப் போய் அந்த வாசலில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. ரம்யாஸ்ரீக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தவள் ஹம்சவேணி அக்கா. கல்யாணத்தன்று அந்தப் பக்கம் அடுப்பே எரியவில்லை. ஒரு பாத்திரச் சத்தம்கூடக் கேட்கவில்லை என்று காவலுக்கு வீட்டிலிருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

புதன்கிழமை ஸ்பீக்கர் மாட்டக் கருத்தக்கண்ணன் வந்தார். கடையிலிருந்து அனுப்பிய ஆள். கையில் டிரில்லிங் மிஷின், வாய் நிறையப் பேச்சு. முன்பக்கம் மூன்றையும் டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். வலது பின்பக்கத்தை வெளிச்சுவரில் மாட்டினார். இடது பின்பக்க ஸ்பீக்கருக்கு வந்தபோது என் கணவர் நடுச்சுவரைக் காட்டினார்.

"அண்ணே, இது மரப்பெட்டி, கனம் ஜாஸ்தி. இதுக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கிக் கீழ நிப்பாட்டிருவமே" என்றார் கருத்தக்கண்ணன்.

"இல்ல, செவுத்துலதான் மாட்டணும்."

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. அந்தச் சுவரில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கக்கூட இத்தனை வருஷம் என்னை விடாத மனுஷன். அவரைத் தனியாக அடுப்படிக்குக் கூப்பிட்டேன்.

"எதுக்கு இப்ப அந்தச் செவுத்துல கை வைக்கிறீங்க?"

"அங்க மாட்டுனாத்தான் அந்தப் பக்கம் கேக்கும்."

"கேட்டா? அவரு சண்டைக்கு வருவாரு."

என் கணவர் தரையைப் பார்த்தார். "வரட்டும் சீதா. சண்டைக்காச்சும் வரட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள வரட்டும்" என்றார்.

எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அத்தனை ஸ்பீக்கரும் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. மன்னிப்புக் கேட்க வாய் வராதவர், அண்ணனுக்குப் பிடித்த ஒன்றை வாங்கி அண்ணன் காதுக்குப் பக்கத்தில் மாட்டப் பார்க்கிறார். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அவரிடம் வேறு என்ன இருந்தது?

கருத்தக்கண்ணன் நீள முனையைப் போட்டு டிரில்லை வைத்து அழுத்தினார். சுவர் கொஞ்சம்கூட முரண்டு பிடிக்கவில்லை. மிஷின் உறுமியது, சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது, கருத்தக்கண்ணன் நெற்றி போய்ச் சுவரில் முட்டியது. முனையை வெளியே உருவியபோது காரையும் சேர்ந்து பெயர்ந்து, ஓட்டை ஒரு விரல் நுழைகிற அளவுக்கு ஆகிவிட்டது. ஓட்டை வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

"என்னண்ணே இது, செவுரா, அப்பளமா?" என்றார்.

அதற்குள் அந்தப் பக்கமிருந்து குரல் வந்துவிட்டது. "யாரு அது? கொண்டக்கடல ஊறப் போட்டிருக்கேன், சட்டி பூரா மண்ணு."

ஹம்சவேணி அக்கா குரல். என் கணவர் பின்னால் நகர்ந்துகொண்டார். நான் ஓட்டைக்குக் கிட்டப் போனேன்.

"அக்கா" என்றேன்.

சட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஓட்டைக்கு ரொம்பப் பக்கத்தில், "சீதாவா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. நாந்தான்."

"ஏன்டி கொரலு இப்பிடிக் கம்மிப்போயி கெடக்கு?"

"சளி புடிச்சிருக்குக்கா."

"சுக்குத் தட்டிப்போட்டுக் குடிச்சியா இல்லையா? ஒனக்கு ஒடம்பப் பாக்கத் துப்பு கெடையாதே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கருத்தக்கண்ணன் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் சுவரில் தலையை வைத்து அழுதேன். அந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ரம்யாஸ்ரீ எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். மூணு மாசம் முழுகாமல் இருக்கிறாள் என்று சொன்னேன். "முருகா" என்று சொல்லிவிட்டு மறுபடி அழுதாள். உடனே அதட்டினாள். "அழாத. மசக்கைல நெல்லிக்கா தின்னக் குடு. புளிய ரொம்பக் கரைக்காத."

கருத்தக்கண்ணன் தொண்டையைச் செருமினார். "அக்கா, கொஞ்சம் சிமெண்ட் கொழச்சு அடச்சிர்றேன். எம் மேலதான் தப்பு, செவுரு எம்புட்டு கனம்னு கேக்காமப் போட்டுட்டேன்."

"அடைக்காதீங்க" என்றது சுவர். "அவரு பட்டறையிலருந்து வரட்டும். பாத்துட்டு அவரு சொல்லட்டும்."

கருத்தக்கண்ணனும் மிச்ச வேலையை முடித்துவிட்டுக் காத்திருந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் மூத்தாரின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம். அக்கா தணிந்த குரலில் ஏதோ சொல்வது கேட்டது. என் கணவர் ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வெளியே நிறுத்திவைத்த பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஓட்டைக்குள்ளிருந்து ஒரு விரல் வந்தது. நீலம். ஓட்டையின் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

"என்ன மாட்டுறீங்க?" என்று குரல் வந்தது. தமிழில். யாரோ அயலாரிடம் கேட்கிற மாதிரி.

கருத்தக்கண்ணன்தான் பதில் சொன்னார். "சரவுண்டு ஸ்பீக்கருண்ணே. பின்பக்கத்து லெஃப்டு."

"மொத்தம் எத்தன?"

"அஞ்சு. அதுபோக அடிச்சத்தத்துக்குச் சப்ஊஃபர் ஒண்ணு."

"ஒயர இங்கிட்டு விடு" என்றார் மூத்தார்.

கருத்தக்கண்ணன் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் பாய்ந்து போய் ஒயரைத் தானே எடுத்தார். நுனியை ஓட்டையில் நுழைத்தார். அந்தப் பக்கமிருந்து ஒயரை இழுத்தார்கள். இவர் இங்கே சுருளைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஒயர் பிடித்துக் கொடுத்த அதே பையன்தான் என் கண்ணுக்குத் தெரிந்தான்.

பெட்டி ஓட்டை வழியாகப் போகாதே. என் கணவர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே அவருக்குக் கால் வரவில்லை. கருத்தக்கண்ணன் வாங்கிக்கொண்டு தெருவழியே அடுத்த வீட்டுக்குப் போய் வைத்துவிட்டு வந்தார்.

சோதிக்க ஒரு டிஸ்க் போட்டார். அதில் ஒரு ரயில் ஓடும். டிவிக்குப் பக்கத்தில் கூவிக்கொண்டு கிளம்பியது, எங்கள் வலது காதைத் தாண்டியது, பின்னால் வளைந்தது, அப்படியே நடுச்சுவருக்குள் நுழைந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அந்த வீட்டுக் கூடத்தில் அது தடதடவென்று ஓடுவது எங்களுக்கு ஓட்டை வழியாகக் கேட்டது. பிறகு மறுபடி எங்கள் பக்கம் வந்து டிவியில் சேர்ந்தது. கருத்தக்கண்ணன் தலையைச் சொறிந்தார். "நான் மதுர பூரா மாட்டிருக்கேன்ணே. இப்பிடி ரெண்டு வீட்டுக்குச் சேத்து மாட்டுனதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு மூத்தார் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. வியாழக்கிழமையும் பேசவில்லை. நாங்கள் சாயங்காலம் ஏதாவது போடுவோம்; அந்தப் பக்கம் நாற்காலியை ஸ்பீக்கருக்குக் கிட்ட இழுத்துப் போடும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான். அக்காவும் நானும் மட்டும் பகலெல்லாம் ஓட்டையில் பேசித் தீர்த்தோம். விற்கத்தான் போகிறீர்களா என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? அந்த மனுஷன் வாயைத் தொறந்தாத்தான" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வியாபாரி வந்தார், கூட இரண்டு பேர். என் கணவர் பேங்க்குக்கு லீவு சொல்லிவிட்டு ஓட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்தேன். ஒட்டுக்கேட்பது தப்புதான், தெரியும். அந்தப் பக்கம் பாய் விரித்தார்கள். வெற்றிலைத் தட்டு வைத்தார்கள். பெங்களூரில் வெயில் எப்படி என்று பேசினார்கள்.

"என்னண்ணே, செவுத்துலருந்து ஒயரு வருது?" என்றார் வியாபாரி.

"அது எந்தம்பி வீட்டு ஒயரு" என்றார் மூத்தார்.

என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தம்பி என்ற வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து எத்தனை காலமாகிறது.

"சரி, அத எடுத்துட்டுச் செவுத்த அடச்சுக் குடுத்துருங்கண்ணே. குடோனுக்குள்ள எலி வந்துரும்."

பாயில் யாரோ அசைந்து உட்காரும் சத்தம். பிறகு மூத்தார், "எடுக்க முடியாது" என்றார்.

"ஒரு ஒயருதானண்ணே."

"அதான் சொல்றேன்ல. அத எடுக்க மாட்டேன். நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

வியாபாரி எவ்வளவோ பேசிப் பார்த்தார். நல்ல நாள் பார்த்து வந்ததைச் சொன்னார். மகனுக்கு வேண்டுமானால் போன் போடட்டுமா என்றார். மூத்தார் அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார், அதோடு சரி. வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, தெருவில் முணுமுணுத்துக்கொண்டே போவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பிறகு ஓட்டையில் குரல் கேட்டது. இந்தத் தடவை எங்கள் பாஷையில்.

"ஸ்ரீநாத்து, ஒரு ஸ்பீக்கர வச்சுக்கிட்டு நான் என்னத்தக் கேக்க? மத்த நாலும் அங்கிட்டுல்ல இருக்கு."

என் கணவர் எழுந்தார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி அந்த வாசலில் ஏறிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். மூத்தார் கூடத்தில் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. மூன்று மூலைகளில் பழைய பானைகள் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. உடைந்ததற்குப் பதிலாகப் புதுப்பானை வாங்கி வைக்கவில்லை. அந்த இடம் காலியாகவே இருந்தது.

என் கணவர் எத்தனையோ யோசித்து வைத்திருந்தார். நேரில் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. வாயில் வந்ததைக் கேட்டார்.

"அண்ணே, இந்தச் செவுரு ஏன் இம்புட்டு மெலிசா இருக்கு?"

"நாந்தான் கொத்தனார்ட்டச் சொன்னேன். செங்கல்லப் படுக்க வைக்காத, நிறுத்தி வையி, சிமெண்டக் கம்மியாப் போடுன்னு."

"எதுக்குண்ணே?"

மூத்தார் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்னைக்காச்சும் நீ இடிச்சிக்கிட்டு வருவல்ல. அப்ப ஒனக்குக் கை வலிக்கக் கூடாதுன்னுதான்."

என் கணவர் அந்தக் காலியான மூலையில் அப்படியே உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்தார். வெள்ளைச் சட்டையில் அஞ்சு விரலும் நீலமாகப் பதிந்தது. இதை முதல் வருஷமே ரெண்டு பேரில் ஒருவர் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என் பிள்ளை கல்யாணத்தில் பெரியம்மா நின்றிருப்பாளே என்று நான் இருவரையும் சேர்த்து வைத்துத் திட்டினேன். அவர்கள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அக்கா என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்தச் சட்டையை நான் இன்னும் வெளுக்கப் போடவில்லை.